பவுலைக் கையில் எடுக்கும் முன்பே முடிவெடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

லான் பவுல்ஸ் பற்றிய கடிதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு கட்டாகிவிட்டன. ஆளாளுக்கு வேறு மாதிரி கேட்டிருந்தாலும், பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான்: பவுலை விடுவதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளில் என்ன செய்வது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீன் என்கிற, ஒட்ட வெட்டிச் சமன்படுத்திய புல்தரை. அதன் ஓரத்தில் டிச் என்கிற பள்ளம். ஒரு முனையில் மேட் என்கிற சின்ன விரிப்பு, எதிர்ப்பக்கம் குறைந்தது 23 மீட்டர் தள்ளி ஜாக் என்கிற சின்ன வெள்ளை அல்லது மஞ்சள் பந்து. மேட் மேல் நின்று பவுலை உருட்டி, ஜாக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் ஆட்டம். பவுல் பார்க்கத்தான் உருண்டை. ஒரு பக்கத்து வடிவம் வேறாக இருப்பதால் வளைந்துதான் போகும், வேகம் குறையக் குறைய இன்னும் வளையும். அந்தச் சாய்வுக்குப் பெயர் பயஸ். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குப் பக்கத்துக் கிளப்பில் சேர்ந்து ஆடிவருகிறேன். பயிற்சி நாளில் பவுல் சொன்னபடி கேட்கிறது. பென்னண்ட் (கிளப்களுக்கு இடையிலான) போட்டி என்றால் ஒன்று பாதியில் படுத்துக்கொள்கிறது, அடுத்தது ஓடிப்போய் டிச்சில் விழுகிறது. "உங்களுக்கு ரொட்டீன் இல்லை" என்கிறார் கோச். அப்படியென்றால் என்ன, எங்கே ஆரம்பிப்பது?
— வாசகர், மெல்பர்ன்

கோச் சொல்வது சரிதான். பயிற்சியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரே பக்கம், ஒரே தூரம், வரிசையாக நாலு பவுல், திரும்பவும் நாலு. இரண்டாவது மூன்றாவதிலேயே கைக்கு அளவு பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் நீங்கள் புதிதாக எதுவும் செய்வதில்லை, கை முந்தைய பவுலைக் காப்பியடிக்கிறது. போட்டியில் அந்த வசதி கிடையாது. அணிக்கு நாலு பேர் ஆடும் ஃபோர்ஸ் ஆட்டம் என்றால் ஓர் எண்டுக்கு, அதாவது ஒரு முனையிலிருந்து எல்லாரும் போட்டு முடிக்கும் சுற்றுக்கு, உங்களுக்கு இரண்டே பவுல். ஒன்றைப் போட்டுவிட்டு, எதிராளியின் பவுல் ஓடி நிற்கும்வரை காத்திருந்து, இரண்டாவதைப் போட்டு, பிறகு மற்ற ஆறு பேரும் போட்டு முடித்து, எதிர்முனைக்கு நடந்துபோய், இந்த முறை வேறு தூரத்துக்கு, முகத்தில் காற்றடிக்க அடுத்த பவுலை விட வேண்டும். ஒவ்வொன்றும் புதுப் பவுல்தான். அந்தப் புதுத் தொடக்கத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வதற்குப் பெயர்தான் ரொட்டீன். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

கேரம் ஆடியிருப்பீர்கள். நன்றாக ஆடுகிறவர் காயைப் பார்ப்பார், பாக்கெட்டைப் பார்ப்பார், ஸ்டிரைக்கரை ஒரு நூல் நகர்த்துவார், மறுபடி பார்ப்பார். ஆனால் விரலை மடக்கிய பிறகு "இந்தக் காயா, அந்தக் காயா" என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார். இங்கேயும் அப்படித்தான். நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்: முடிவெல்லாம் மேட்டுக்குப் பின்னால். ஃபோர்ஹேண்டா (வலது கைக்காரர் வலப்பக்கமாக விட்டு உள்ளே வளையவைப்பது) பேக்ஹேண்டா (இடப்பக்கமாக விடுவது), டிராவா (ஜாக் பக்கத்தில் வந்து நிற்கும் அளவு) கொஞ்சம் வெயிட், அதாவது வேகம், கூட்டியா, காற்று எந்தப் பக்கம், ஜாக்குக்கு முன்னால் நின்றால் லாபமா பின்னால் நின்றால் லாபமா, எல்லாமே மேட் மேல் கால் வைப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். காலை வைத்த பிறகு கேட்பதற்கு எந்தக் கேள்வியும் மிச்சம் இருக்கக் கூடாது.

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. முந்தைய பவுல் ஓடி நின்ற பிறகுதான் விதிப்படி ரிங்க், அதாவது உங்கள் ஆட்டத்துக்கான தரைப்பட்டை, உங்கள் வசம் வரும். அது உருண்டு நிற்கப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகும், வேகமான கிரீன் என்றால் இன்னும் கூட. நம்மில் பாதிப்பேர் அந்த நேரத்தை எதிராளியின் பவுல் டிச்சுக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொள்வதில் செலவழிக்கிறோம். வேண்டுதலால் அது போகப்போவதில்லை. அந்தப் பவுல் எங்கே வளைய ஆரம்பிக்கிறது, கடைசி நாலைந்து மீட்டரில் எப்படித் தளர்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு இலவசப் பாடம். உங்கள் யோசனைக்கான நேரமும் அதுதான்.

அப்புறம் வரிசை. நான் பழக்குகிறவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன், உங்கள் உடம்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மேட்டுக்கு ஓர் அடி பின்னால் நின்று பவுலைத் துணியால் துடையுங்கள். பயஸ் எந்தப் பக்கம் என்று கண்ணால் ஒரு தடவை பார்த்து, பெருவிரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். அங்கேயே நின்றபடி, உங்கள் பவுல் எந்தப் பாதையில் போய், எங்கே திரும்பி, எப்படித் தளர்ந்து ஜாக் பக்கத்தில் நிற்கப்போகிறது என்று முழுப் பயணத்தையும் மனசுக்குள் ஓட்டிப்பாருங்கள். முழுப் பயணம் என்பது முக்கியம், நிறைய பேர் வளைவு வரை பார்த்துவிட்டுக் கடைசி ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் லைன் (விடும் திசை) சரியாக இருந்தும் தூரம் தவறுகிறது. பிறகு மேட் மேல் ஏறுங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 36 சென்டிமீட்டர் அகலம்தான் அது. ஆனாலும் இன்று ஓரத்தில், நாளை நடுவில் என்று நின்றால் உங்கள் லைன் தினமும் மாறும். ஒரே இடத்தில் நில்லுங்கள். பாதம் பார்க்க வேண்டியது ஜாக்கை அல்ல, நீங்கள் பவுலை விடப்போகும் திசையை. புதிதாக வருகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் பாதத்தை ஜாக்கைப் பார்த்து வைத்துவிட்டுக் கையை மட்டும் வெளியே வீசப் பார்க்கிறார்கள், பவுல் உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

ஏறியாகிவிட்டது. ஜாக்கை ஒருமுறை பாருங்கள், அது தூரத்துக்காக. கண்ணைத் திரும்ப லைனுக்குக் கொண்டுவாருங்கள். மூச்சை மெல்ல வெளியே விடுங்கள். தோளும் பிடியும் தளரும். அந்த மூச்சு முடியும்போது கை பின்னால் போக ஆரம்பிக்கட்டும். பவுல் கையை விட்டுப் போன பிறகும் குனிந்தபடியே ஒரு கணம் இருங்கள். சட்டென்று நிமிர்ந்தால் பவுல் குதித்துக்கொண்டு போகும், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கலாம் அது, புல்லும் பாழ், உங்கள் கிரீன்கீப்பரின் முகமும் பாழ்.

நடுவில் சந்தேகம் வந்தால்? இறங்கிவிடுங்கள். அரைகுறையாக முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மேட்டை விட்டு ஓர் அடி பின்னால் வந்து, துடைப்பதிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். இதை வெட்கமாக நினைக்கிறார்கள். எனக்கென்னவோ, நல்ல ஆட்டக்காரர் யார் என்று நான் பார்ப்பதே இறங்கத் தெரிந்தவரா என்பதை வைத்துத்தான்.

மேட் மேல் நின்றதும் எதைப் பார்ப்பது என்பதில் எங்கள் கிளப்பில் பெரிய சண்டையே நடக்கிறது. ஒருவர் ஜாக்கைப் பார் என்கிறார், ஒருவர் டிச்சுக்கு அப்பால் உள்ள எதிர்க்கரையில் ஒரு குறியைப் பிடி என்கிறார், இன்னொருவர் பத்தடி முன்னால் ஒரு புல்லைப் பார்த்தால் போதும் என்கிறார். யாரைக் கேட்பது?
— வாசகர், ஆக்லாந்து

சண்டையில் மூன்று பேரும் பாதி சரி. ஜாக்கைப் பார்ப்பது தூரத்துக்கு. கடைசிப் பார்வை அதன் மேல் இருந்தால் உங்களை அறியாமலே கை உள்ளே போகும், பவுல் வளையும் ஆட்டத்தில் அது நேராக நஷ்டம். கரையில் குறி பிடிப்பது நன்றாக வேலை செய்யும், ஆனால் அந்தக் குறி நகராததாக இருக்க வேண்டும். அங்கே யாராவது ஒருவர் டீ கப்போடு நிற்கிறார் என்று அவரைக் குறியாக வைத்து, அவர் நகர்ந்துபோன கதை எல்லாக் கிளப்பிலும் உண்டு. பத்தடி முன்னால் என்பது கொஞ்சம் கிட்டம். அங்கே ஒரு விரற்கடை பிசகினால் ஜாக் பக்கம் போகும்போது அது பெரிதாகிவிடும். என் தேர்வு, கரையில் ஒரு குறியை எடுத்து, அந்தக் கோட்டிலேயே பாதையில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறம் மாறிய புல்லோ ஒரு திட்டோ தேடி, அதை இறுகப் பிடித்துக்கொள்வது.

எதைப் பார்க்கிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் அசையாமல் பார்க்கிறோம் என்பது முக்கியம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ போடுகிறவர்கள், கோல்ஃபில் பட் அடிக்கிறவர்கள் (பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளுகிறவர்கள்) இவர்களின் கண் அசைவைக் கருவி மாட்டிப் பதிவுசெய்தபோது, தேர்ந்தவர்களின் பார்வை செயல் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரே இடத்தில் போய் நின்று, மற்றவர்களைவிட நீண்ட நேரம் அங்கேயே இருந்தது. சுமாரானவர்களின் கண் அங்கேயும் இங்கேயும் தாவிக்கொண்டிருந்தது. அந்த அமைதியான பார்வைக்கு அவர் வைத்த பெயர் கொயட் ஐ. பவுல்ஸுக்கும் இது பொருந்தாமல் போக எந்தக் காரணமும் இல்லை: நின்ற இடத்திலிருந்து, நின்ற இலக்கை நோக்கி, நீங்கள் விரும்பும் கணத்தில் தொடங்கும் ஆட்டம். எனவே ரொட்டீனில் கடைசிப் படியாகப் பார்வை அந்தப் புல்லில் நிலைக்கட்டும், நிலைத்த பிறகே கை அசையட்டும், பவுல் கையை விட்டுப் போகும் வரை கண் அங்கேயே இருக்கட்டும்.

நியூசிலாந்தில் ஆடுகிறீர்கள் என்பதால் இன்னொன்று. உங்கள் ஊர் கிரீன் வேகமானது. வேகத்தை அங்கே நொடியில் சொல்வார்கள்; பவுல் 27 மீட்டர் ஓடி நிற்க எத்தனை நொடி ஆகிறது என்பதே கணக்கு. பன்னிரண்டு என்றால் கனமான, மெதுவான கிரீன். பதினைந்தைத் தாண்டினால் வேகம். எண் கூடக் கூட வேகம் என்பது புதியவர்களைக் குழப்பும். மெல்ல விட்டாலே அவ்வளவு தூரம் ஓடிவிடுகிறது என்பதால்தான் நேரம் கூடுகிறது. மெல்ல ஓடும் பவுலுக்கு வளைய நேரம் அதிகம், அதனால் நீங்கள் வெளியே இன்னும் அகலமாக விட வேண்டியிருக்கும், சில நாள் உங்கள் குறி பக்கத்து ரிங்க்கின் எல்லைக்கே போய்விடும். இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ ஈரப் புல்லில் ஆடப் பழகியவர் அங்கே வந்தால் முதல் நாள் கண் நம்ப மறுக்கும். ட்ரயல் எண்ட்ஸை, அதாவது ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிச் சுற்றுகளை, உடம்பைச் சூடேற்ற மட்டும் செலவழிக்காமல், அன்றைய குறியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துங்கள்.

சார், என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். எல்லாம் சரியாகச் செய்வாள், பதற்றம் வந்தால் மட்டும் பவுலைத் திருப்பிப் பிடித்துவிடுகிறாள். எல்லாரும் சிரிக்க, அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறாள்.
— வாசகி, கிள்ளான், மலேசியா

ராங் பயஸ், அதாவது சாய்வுப் பக்கத்தை மாற்றிப் பிடித்துப் போடுவது. இந்த ஆட்டத்தில் அது நடக்காத ஆள் யாரும் இல்லை என்று மகளிடம் சொல்லுங்கள். சில கிளப்களில் திருப்பிப் போட்டவர் உண்டியலில் காசு போட வேண்டும் என்றே வழக்கம் உண்டு, அந்த உண்டியல் சீக்கிரம் நிறைந்தும் விடும்.

பவுலின் இரண்டு பக்கத்திலும் வட்டம் இருக்கும், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. சின்ன வட்டம் இருக்கும் பக்கமாகத்தான் பவுல் சாயும். வலது கைக்காரிக்கு ஃபோர்ஹேண்ட் என்றால் சின்ன வட்டம் இடப்பக்கம், பேக்ஹேண்ட் என்றால் வலப்பக்கம். சுருக்கமாக, சின்ன வட்டம் எப்போதும் ஜாக் இருக்கும் பக்கம். அவளுக்கு இது தெரியாமல் இல்லை, பார்க்கும் நேரம் தவறுகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பவுலைச் சரியாகப் பிடித்திருப்பாள், கடைசி நேரத்தில் "ஃபோர்ஹேண்ட் வேண்டாம், பேக்ஹேண்ட் போடு" என்று எதிர்முனையிலிருந்து குரல் வரும், பாதத்தைத் திருப்புவாள், பவுலைத் திருப்ப மறந்துவிடுவாள். எனவே ஃபோர்ஹேண்ட் பேக்ஹேண்டாக மாறினால் மேட்டை விட்டு இறங்கி முதலிலிருந்து வர வேண்டும் என்று பழக்குங்கள். "சின்னது உள்ளே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பெருவிரலால் தொடச் சொல்லுங்கள். கண் ஏமாறும் நாளில் விரல் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் நாட்டுக்காரர் சித்தி ஸலினா அகமது 2002இல் மான்செஸ்டர், 2006இல் மெல்பர்ன் என அடுத்தடுத்து இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் ஒற்றையர் தங்கம் வென்றவர். மகளுக்கு அவர் ஆட்டத்தின் பழைய வீடியோ கிடைத்தால் பவுல் போகும் பாதையை விட்டுவிட்டு, விடுவதற்கு முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கிப் (அணித் தலைவர்) ஒரு ஷாட் சொல்கிறார், எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைவு என்று போட்டுவிடுகிறேன், பெரும்பாலும் கெட்டுப்போகிறது. இதில் ரொட்டீன் எங்கே உதவும்?
— வாசகர், சிட்னி

நம்மவர்களுக்கே உரிய சிக்கல். பெரியவர் சொல்லிவிட்டார், தலையாட்டிவிட்டோம், மனசு ஒத்துக்கொள்ளவில்லை. கை யார் பேச்சைக் கேட்கும்? மனசு பேச்சைத்தான். ஸ்கிப் கேட்டது இரண்டு மீட்டர் கூடுதல் வெயிட், உங்கள் மனசில் இருப்பது டிரா. இரண்டுக்கும் நடுவில் ஒரு பவுல் வரும், அது யாருக்கும் உதவாது.

எனவே ரொட்டீனில் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் இதற்கும் ஓர் இடம் வையுங்கள். ஒரு தடவை கேட்கலாம்: "பேக்ஹேண்டில் பாதை திறந்திருக்கிறதே, அது வேண்டாமா?" அவ்வளவுதான், விவாதம் வேண்டாம். ஹெட், அதாவது ஜாக்கும் அதைச் சுற்றி நிற்கும் பவுல்களும் இருக்கும் இடம், அதன் பக்கத்தில் நிற்கிறவர் அவர், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி அவருக்குத் தெரியும். 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் ஜாக்குக்குப் பின்னால் இருக்கும் பவுல் ஒட்டி நிற்கிறதா, ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறதா என்று சொல்லவே முடியாது. அவர் "இல்லை, ஃபோர்ஹேண்ட்தான்" என்றால் அது இனி உங்கள் ஷாட். அவருடையதாக நினைத்துக்கொண்டு போடாதீர்கள். அந்த ஷாட் வெற்றியாக ஓடுவதை மனசுக்குள் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். பார்க்க முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நின்று பாருங்கள், பார்த்த பிறகு ஏறுங்கள்.

நீங்களே ஸ்கிப்பாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆள் மேட் மேல் ஏறிய பிறகு கையை ஆட்டாதீர்கள். சொல்வதைச் சொல்லிவிட்டு அசையாமல் நில்லுங்கள்.

என் கணவர் ஒவ்வொரு பவுலுக்கும் முன்னால் தொப்பியைத் தொட்டு, பவுலை மூன்று தடவை தட்டி, முருகா என்கிறார். இதுவும் ரொட்டீனா, மூடநம்பிக்கையா?
— வாசகி, பிரிஸ்பேன்

முருகா என்னும்போது மூச்சை வெளியே விடுகிறாரா? விடுகிறார் என்றால் அது அருமையான ரொட்டீன், அப்படியே இருக்கட்டும். துடைப்பதற்கு ஒரு பயன் உண்டு, ஈரம் இருந்தால் பிடி வழுக்கும். பயஸ் பார்ப்பதற்கும் பயன் உண்டு. தொப்பிக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் தொல்லையும் இல்லை. தொப்பியை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில் ஆட்டம் கவிழ்ந்தால் மட்டும் அதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

எனக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. பெரிய ஆட்டக்காரர் யாராவது ஒருவருடைய ரொட்டீனை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், லண்டன்

உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே சொல்கிறேன். இங்கிலாந்தின் டேவிட் பிரையன்ட். 1966இல் சிட்னியில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஒற்றையர் பட்டம், திரும்ப 1980இலும் 1988இலும் அதே பட்டம். உள்ளரங்கில் 1979 தொடங்கி மூன்று ஆண்டுகள் வரிசையாக உலகச் சாம்பியன். வாயில் பைப், பெரும்பாலும் பற்றவைக்காதது. மேட் மேல் ஏறியதும் தரையோடு தரையாகக் குத்தவைத்து உட்கார்வார், அங்கிருந்து லைனைப் பார்ப்பார், பிறகு எழுந்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னே வந்து பவுலை விடுவார். உட்கார்ந்து எழுவது முழுக்க அவருடைய ரொட்டீன். அதைப் பார்த்து ஒரு தலைமுறையே குத்தவைக்க ஆரம்பித்தது.

அறுபத்தெட்டு வயது முழங்காலோடு அதை முயலவே முயலாதீர்கள். ஆனால் அதன் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அவர் உட்காரும்போது உடம்பு ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் ஆரம்பிக்கிறது, கண் லைனுக்குப் பக்கத்தில் வருகிறது, எழும் வேகம் கைக்கு ஒரு தாளத்தைக் கொடுக்கிறது. உங்களுக்கு முன்காலை முதலிலேயே லைனில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றொரு கையை முழங்கால் மேல் ஊன்றிக் குனிந்து விடும் நிலையான முறை பொருந்தும். விடும் கணத்தில் ஒரு பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி மேட் மேலோ அதற்கு நேர் மேலோ இருந்தால் போதும், இது விதிக்கு உட்பட்டதுதான். குனியவே முடியாத நாள் வந்தால் பவுலிங் ஆர்ம் என்கிற நீண்ட பிடிக்கருவி இருக்கிறது, உங்கள் கிளப்பிலேயே ஒருவராவது வைத்திருப்பார். அதை எடுத்துக்கொண்டால் ரொட்டீனையும் புதிதாகக் கட்ட வேண்டும். பவுலைக் கருவியில் பொருத்துவதும் பயஸ் பார்ப்பதும் வேறு மாதிரி என்பதால் பழைய வரிசை ஒத்துவராது.

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் நம் பெண்கள் தங்கம் வென்றதைப் பார்த்துத்தான் இப்படி ஓர் ஆட்டம் இருப்பதே எனக்குத் தெரியும். கடைசி எண்டுகளில் கை நடுங்காமல் எப்படிப் போடுகிறார்கள்?
— வாசகர், மதுரை

லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்கி. லெமிங்டன் ஸ்பாவின் விக்டோரியா பூங்காவில் 2022 ஆகஸ்ட் 2 அன்று தென்னாப்பிரிக்காவை 17–10 என்று வென்றார்கள். அரையிறுதியில் நியூசிலாந்தையே தோற்கடித்து வந்தவர்கள். அந்த இறுதியாட்டத்தில் நல்ல முன்னிலை எடுத்து, அதைப் பறிகொடுத்து, திரும்ப மீட்டார்கள். இதில்தான் எனக்கு ஆச்சரியம். முன்னிலையைக் காப்பதைவிடப் பறிகொடுத்த பிறகு நிதானமாக ஆடுவது கஷ்டம்.

அவர்கள் மனசுக்குள் என்ன ஓடியது என்று நான் சொல்லப் போவதில்லை. பொதுவாக, கை நடுங்காமல் யாரும் போடுவதில்லை. நடுக்கத்தோடு போடத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பதற்றத்தில் நாம் செய்யும் முதல் காரியம், தானாக நடந்துகொண்டிருந்ததைக் கவனமாகச் செய்யப் பார்ப்பது. முழங்கை நேரா, மணிக்கட்டு திரும்புகிறதா, கால் எவ்வளவு தூரம் என்று. தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களைத் தங்கள் அசைவையே கவனித்தபடி பட் அடிக்கச் சொன்னால் ஆட்டம் கெடுகிறது என்று உளவியலாளர் சியன் பெய்லாக்கின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பை விட்டுவிட்டு இலக்கில், அதாவது வெளியே, கவனம் வைத்தால் நன்றாக வருகிறது என்பது உடல் அசைவுகளைக் கற்பதை ஆராய்ந்த காப்ரியேல வுல்ஃபின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ரொட்டீன் இங்கேதான் சோறு போடுகிறது. கையைப் பற்றி நினைக்க நேரமே கொடுக்காமல், அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனசை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் நிறுத்திவிடும்.

ஒரு எச்சரிக்கை. முக்கியமான பவுல் என்பதற்காக ரொட்டீனில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். கூட இரண்டு தடவை ஜாக்கைப் பார்ப்பது, இன்னும் ஒரு பெருமூச்சு, இதெல்லாம் உடம்புக்கு "இது வேறு, பயப்படு" என்று சொல்லிக்கொடுக்கும். முதல் எண்டின் முதல் பவுலுக்குச் செய்தது எதுவோ அதே.

ரொட்டீனைப் பழகுவது எப்படி? கிரீனில் மட்டும்தான் முடியுமா?
— வாசகர், சிங்கப்பூர்

பாதி வீட்டிலேயே பழகலாம். ஹாலில் ஒரு பழைய மிதியடியை மேட் அளவுக்கு மடித்துப் போட்டு, பவுலோடு பின்னால் நின்று, துடைத்து, தொட்டு, ஏறி, பாதம் வைத்து, பார்த்து, மூச்சுவிட்டு, கையை வீசாமலே இறங்குங்கள். கீழ்வீட்டுக்காரர் நிம்மதிக்காகச் சொல்கிறேன், கடைசிப் படியை மட்டும் விட்டுவிடுங்கள். ஏறுவதும் இறங்குவதும் யோசிக்காமல் வரும் வரை செய்தால் போதும்.

கிரீனில் வந்ததும் நாலு பவுலை வரிசையாகப் போடும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மேட்டை விட்டு முழுசாக இறங்கி, நாலடி நடந்து, வேறு தூரத்துக்கு, வேறு பக்கத்துக்கு அடுத்ததைப் போடுங்கள். ஜாக்கை ஒரு தடவை 23 மீட்டரிலும் அடுத்த தடவை டிச்சுக்குக் கிட்டத்திலும் வையுங்கள். பவுல் நன்றாகப் போகாது. முதல் சில வாரம் பழைய மாதிரியே பரவாயில்லை என்று தோன்றும், போட்டி நாளில்தான் வித்தியாசம் தெரியும். நண்பரைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பவுல் எங்கே போகிறது என்று பார்க்கவே வேண்டாம், வரிசையில் எந்தப் படியை விட்டேன் என்று மட்டும் சொல்லு என்று கேளுங்கள். அணியில் லீட் (முதலில் போடுகிறவர்) ஆடுகிறவர் என்றால் ஜாக்கை உருட்டும்போதும் அதே ரொட்டீனைச் செய்யுங்கள், அது வளையாது என்பதைத் தவிர எல்லாம் ஒன்றுதான். பலர் ஜாக்கை அசட்டையாக உருட்டிவிட்டு, ஸ்கிப் விரும்பாத தூரத்தில் ஓர் எண்டையே ஆட வேண்டியதாகிவிடுகிறது.

போட்டு முடித்த பிறகும் ஒரு படி இருக்கிறது. ராபர்ட் சிங்கர் என்ற விளையாட்டு உளவியலாளர் இந்த மாதிரி ஆட்டங்களுக்கு ஐந்து படி சொன்னார்: தயாராவது, மனசில் ஓட்டிப்பார்ப்பது, ஒன்றில் கவனத்தை நிறுத்துவது, யோசிக்காமல் செய்வது, கடைசியாக மதிப்பிடுவது. அந்தக் கடைசிப் படியை நாம் தலையில் அடித்துக்கொள்வது என்று புரிந்துகொள்கிறோம். பவுல் நின்றதும் இரண்டே கேள்வி: லைன் அகலமா குறுகலா, வெயிட் கூடவா குறைவா? பதில் கிடைத்ததும் அடுத்த பவுலுக்கு அதை எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடுங்கள்.

நான் ரொட்டீன் பழக ஆரம்பித்ததிலிருந்து எதிரணிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். என்ன செய்ய?
— வாசகி, பெர்த்

ஏறியதிலிருந்து பவுல் கையை விட்டுப் போகும் வரை யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். பத்து நொடிக்குள் என்றால் அவர்கள் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள், உங்களை இல்லை. இருபதைத் தாண்டினால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மேட் மேல் நின்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், அந்த யோசனையைப் பின்னால் தள்ளி, முந்தைய பவுல் ஓடும் நேரத்துக்குள் முடியுங்கள். சில போட்டிகளில் நேரக் கட்டுப்பாடும் வைக்கிறார்கள் என்பதால், போவதற்கு முன் அந்தப் போட்டியின் நிபந்தனைகளை வாங்கிப் படித்துவிடுங்கள்.